ஆபத்தும் துணிவும்: சில ஆங்கிலச் சொற்களின் பிறப்பு

பத்தாம் வகுப்பு மாணவி

மனிதருக்கு ஊரும் உறவும் இருப்பது போலவே சொற்களுக்கும் ஊரும் உறவும் உண்டு. நாம் பள்ளியில் பயிலும் ஆங்கிலச் சொற்களில் பல, இங்கிலாந்தில் பிறந்தவை அல்ல. சில கப்பலேறி வந்தவை. சில போர்வீரருடன் வந்தவை. சில சூதாடும் மேசையிலிருந்து எழுந்து வந்தவை. நூலகத்தில் உள்ள பெரிய ஆங்கில அகராதியைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு சொல்லுக்கும் அருகே சதுர அடைப்புக்குள் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். பொருள் தெரிந்ததும் அகராதியை மூடிவிடுவது வழக்கம். ஆயினும் அந்தச் சிறு குறிப்புத்தான் அச்சொல்லின் பிறப்புச் சான்றிதழ்.

இக்கட்டுரையில், ஆபத்தையும் துணிவையும் குறிக்கும் சில ஆங்கிலச் சொற்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதற்குக் காரணம் உண்டு. 'ரிஸ்க்', 'டேஞ்சர்', 'சான்ஸ்' ஆகிய சொற்கள் நம் வீட்டுப் பேச்சிலேயே கலந்துவிட்டன. "அவ்வளவு தூரம் அனுப்பிப் படிக்க வைப்பது ரிஸ்க், வேண்டாம்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்கிறோம். "தைரியம் இருந்தால் செய், பார்க்கலாம்" என்று தோழியர் சொல்லவும் கேட்கிறோம். ஒரு பெண் எதற்குத் துணியலாம், எதற்குத் துணியக்கூடாது என்பது நம் வயதில் அடிக்கடி எழும் கேள்வி. அதற்கு இச்சொற்கள் ஏதேனும் விடை வைத்திருக்கின்றனவா என்று காண்போம்.

பகடை தந்த சொற்கள்

முதலில் 'ஹாஸர்ட்' என்ற சொல்லைப் பார்ப்போம். ஆய்வுக்கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் எச்சரிக்கைப் பலகையில் காணப்படும் சொல் இது. இன்று இதற்கு ஆபத்து என்று பொருள். ஆனால் இது முதலில் ஒரு சூதாட்டத்தின் பெயர்! இரண்டு பகடைகளை உருட்டி ஆடும் ஆட்டம் அது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய 'கான்டர்பரி கதைகள்' என்னும் நூலில் ஒரு பாத்திரம் இந்த ஆட்டத்தின் தீமைகளை எடுத்துரைக்கிறது. ஆங்கிலேயர் இச்சொல்லைப் பிரெஞ்சு மொழியிலிருந்து பெற்றனர். அதற்கும் முன்னே, பகடைக்காயைக் குறிக்கும் ஓர் அரபுச் சொல் இதற்கு மூலமாக இருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆட்டத்தின் பெயர் 16ஆம் நூற்றாண்டில் ஆபத்தின் பெயராக மாறியது. ஆடியவர்கள் கண்ட பலன் அப்படி இருந்தது போலும்!

அடுத்தது 'சான்ஸ்'. இதன் வேர், 'விழுதல்' என்று பொருள்படும் இலத்தீன் வினைச்சொல். பகடை எப்படி விழுகிறதோ அப்படியே பலன் என்பதுதான் 'சான்ஸ்'. நாமும் தாயக்கட்டை உருட்டும்போது "தாயம் விழுந்தது" என்றுதானே சொல்கிறோம்? எதிர்பாராமல் நம்மேல் வந்து விழும் நிகழ்ச்சியைக் குறிக்கும் 'ஆக்ஸிடென்ட்' என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்ததே.

மூன்றாவது 'ஜெபர்டி'. 'பிரிக்கப்பட்ட ஆட்டம்' என்னும் பொருளுடைய இரண்டு பழைய பிரெஞ்சுச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உருவான சொல் இது. சதுரங்கம் போன்ற ஆட்டத்தில் இரு பக்கமும் சமமாக நின்று, யார் வெல்வார் என்று சொல்ல முடியாத நிலையே முதலில் இதன் பொருள். பிறகுதான் 'பேராபத்து' என்ற பொருள் வந்தது.

இங்கே ஒரு கணக்கையும் சொல்லிவிட வேண்டும். 1654ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் பாஸ்கல், ஃபெர்மா என்னும் இரு கணித மேதைகள் கடிதங்கள் எழுதிக்கொண்டனர். அழுத்தத்தின் அலகுக்குத் தம் பெயரைத் தந்த அதே பாஸ்கல்தான் இவர். அவர்கள் ஆராய்ந்த கேள்வி இதுதான். இருவர் ஆளுக்கு 32 காசு பந்தயம் வைத்து ஆடுகிறார்கள். முதலில் மூன்று சுற்று வெல்பவருக்கு 64 காசும் உரியது. ஒருவர் இரண்டு சுற்றும் மற்றவர் ஒரு சுற்றும் வென்றிருக்கும்போது ஆட்டம் நின்றுவிடுகிறது. பணத்தை எப்படிப் பிரிப்பது?

பாஸ்கல் தந்த விடை எளிமையானது. அடுத்த சுற்றை ஆடியிருந்தால் என்ன நடந்திருக்கும்? முதலாமவர் வென்றால் அவருக்கு 64 முழுவதும் கிடைக்கும். தோற்றால் இருவரும் சமம், ஆளுக்கு 32. ஆகவே, எப்படி ஆனாலும் முதலாமவருக்கு 32 உறுதி. மீதி 32 யாருக்கு என்பதுதான் தெரியாது. அதில் இருவருக்கும் சம உரிமை. எனவே அதைப் பாதியாக்கி, முதலாமவருக்கு 48, மற்றவருக்கு 16 என்று பிரித்தார். நிகழ்தகவு என்னும் கணிதப் பிரிவு இத்தகைய கேள்விகளிலிருந்தே வளர்ந்தது. நாளை நடக்கப்போவது தெரியாவிட்டாலும், தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்து வைத்து நிதானமாகக் கணக்கிட முடியும் என்பதை உலகம் அறிந்துகொண்டது.

பிரபுவின் பிடியில்

'டேஞ்சர்' என்ற சொல்லின் கதை வேறு விதமானது. பழைய இலத்தீன் திருப்பலியில் ஆண்டவரைக் குறிக்கும் 'தோமினுஸ்' என்ற சொல்லைச் சகோதரிகள் நன்கு அறிவார்கள். தலைவர், எஜமானர் என்பது அதன் பொருள். அதிலிருந்து வந்த பிரெஞ்சுச் சொல்லே 'டேஞ்சர்'. தொடக்கத்தில் அதன் பொருள் ஆபத்து அன்று. 'ஒரு பிரபுவின் அதிகாரம்' என்பதே. ஒருவர் 'டேஞ்சரில்' இருக்கிறார் என்றால், அவரைத் தண்டிக்கவோ மன்னிக்கவோ மற்றொருவருக்கு உரிமை இருக்கிறது என்று பொருள்.

1600ஆம் ஆண்டில் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்திலும் இப்பழைய பொருளைக் காணலாம். நீதிமன்றக் காட்சியில் போர்ஷியா, அந்தோணியோ ஷைலக்கின் பிடிக்குள் இருப்பதைப் பற்றிக் கேட்கும்போது 'டேஞ்சர்' என்ற சொல்லையே ஆளுகிறாள். கடன் பத்திரத்தில் கையொப்பமிட்டதனால் அந்தோணியோவின் உயிர் பிறர் கைக்குப் போய்விட்டது. அதுவே அவனுடைய 'டேஞ்சர்'.

இதை எண்ணிப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. புயலும் பாம்பும் மட்டுமே ஆபத்து என்று நினைக்கிறோம். நம் வாழ்வைப் பற்றி நம்மைக் கேளாமலேயே மற்றொருவர் முடிவுசெய்யும் நிலையும் ஆபத்துத்தான் என்கிறது இந்தச் சொல்லின் வரலாறு. ஒன்றுக்கும் துணியாமல் மூலையில் உட்கார்ந்திருப்பவள் ஆபத்தைவிட்டு விலகியிருக்கிறாள் என்று சொல்லிவிட முடியாது அன்றோ?

கடல் தந்த சொற்கள்

இனி, எல்லோர் வாயிலும் வழங்கும் 'ரிஸ்க்'. இது இத்தாலிய மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் முந்தைய வேரைப் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. கடலோரத்துச் செங்குத்துப் பாறையைக் குறிக்கும் ஒரு சொல்லே அதன் வேர் என்பது ஒரு சாரார் கொள்கை. ஸ்பானிய மொழியில் 'ரிஸ்கோ' என்றால் இன்றும் செங்குத்தான பாறைதான். பாறைகள் நிறைந்த கடலில் சரக்குக் கப்பலைச் செலுத்தும் வணிகரை நினைத்துக்கொண்டால், இந்தக் கொள்கை பொருத்தமாகவே தோன்றுகிறது.

அந்த இத்தாலிய வணிகர் பாறைக்குப் பயந்து கப்பலைத் துறைமுகத்திலேயே கட்டிப் போட்டுவிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிடவும் இல்லை. 14ஆம் நூற்றாண்டிலேயே ஜெனோவா நகரத்தில் கப்பலுக்கும் சரக்குக்கும் காப்பீட்டு ஒப்பந்தங்கள் எழுதினர். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், லண்டனில் எட்வர்டு லாயிட் என்பவர் நடத்திய காப்பிக்கடையில் கப்பல் வணிகர் கூடிப் பேசி, நட்டம் வந்தால் தாங்கள் இவ்வளவு ஏற்போம் என்று பத்திரத்தின் கீழே பெயர் எழுதினர். கீழே எழுதியதனால் அவர்களுக்கு 'அண்டர்ரைட்டர்' என்ற பெயர் ஏற்பட்டது. ஒருவர் தனியே சுமந்தால் நசுக்கிவிடும் பாரத்தைப் பலர் தோள்கொடுத்துத் தூக்கிய வழி இது.

'அட்வென்ச்சர்' என்ற சொல்லைக் கேட்டவுடன் மலையேறுதலும் காட்டுப் பயணமும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இதன் இலத்தீன் மூலத்துக்கு 'வரப்போவது' என்பதே பொருள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன்வரும் திருவருகைக் காலத்தை ஆங்கிலத்தில் 'அட்வென்ட்' என்கிறோம். இரண்டும் உடன்பிறந்த சொற்களே. ஒன்று வருகைக்காகக் காத்திருக்கச் சொல்கிறது. மற்றொன்று வரப்போவதை எதிர்கொள்ளப் புறப்படச் சொல்கிறது. 'அட்வென்ச்சர்' தன் தலையெழுத்துகளை இழந்து 'வென்ச்சர்' ஆயிற்று. வணிகர் கடலில் அனுப்பிய சரக்கையும் முதலையும் அக்காலத்தில் அப்படித்தான் அழைத்தனர்.

இவற்றுக்கு எதிர்ப்பதமாகிய 'செக்யூர்' என்ற சொல்லையும் பார்த்துவிடுவோம். 'கவலை இல்லாமல்' என்பதே இதன் இலத்தீன் பொருள். இன்று பாதுகாப்பைக் குறிக்கும் 'செக்யூரிட்டி', 16, 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'அளவுக்கு மீறிய நம்பிக்கையால் வரும் அசட்டை' என்ற பொருளிலும் வழங்கியது. கவலையே படாதவர் கவனமும் இழந்துவிடுவார் என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர்.

அச்சமும் சோதனையும்

'ஃபியர்' என்றால் அச்சம் என்று சிறு குழந்தையும் சொல்லும். ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அதன் முன்னோர் சொல், உள்ளத்தில் எழும் அச்சத்தைக் குறிக்கவில்லை. திடீரென்று வந்து தாக்கும் ஆபத்தையே குறித்தது. ஜெர்மன் மொழியில் அதன் உறவுச் சொல் இன்றும் ஆபத்தையே குறிக்கிறது. வெளியே இருந்த ஆபத்தின் பெயர், காலப்போக்கில் நம் நெஞ்சுக்குள் இருக்கும் நடுக்கத்தின் பெயராக மாறிவிட்டது. வெளியே ஒன்றும் இல்லாதபோதும் உள்ளே ஃபியர் இருக்கலாம் அல்லவா? பரீட்சை அறையில் வினாத்தாள் கைக்கு வருமுன் நமக்கு வருவது அதுதான்.

'பெரில்' என்ற சொல்லுக்கும் ஆபத்து என்றே பொருள். ஆனால் இதன் இலத்தீன் மூலம் 'சோதனை, முயன்று பார்த்தல்' என்ற பொருளும் உடையது. ஆய்வுக்கூடத்தில் நாம் செய்யும் 'எக்ஸ்பெரிமென்ட்', அனுபவமாகிய 'எக்ஸ்பீரியன்ஸ்', திறமை பெற்றவராகிய 'எக்ஸ்பர்ட்' ஆகிய மூன்றும் இதே வேரில் பிறந்தவை. 'ஃபியர்' என்ற சொல்லையும் மொழியியலார் இதே தொன்மையான வேரோடு சேர்க்கின்றனர். ஆக, அச்சமும் ஆபத்தும் சோதனையும் அனுபவமும் தேர்ச்சியும் ஒரே குடும்பம்! முயன்று பாராதவர் எவரும் தேர்ச்சி பெற்றதில்லை என்பதை ஒரு சொற்குடும்பமே சாட்சியாக நின்று சொல்கிறது.

இதயத்தில் பிறந்தவை

இதுவரை கண்டவை பெரும்பாலும் ஆபத்தின் பெயர்கள். துணிவின் பெயர்கள் எங்கே பிறந்தன? 'கரேஜ்' என்ற சொல் 'இதயம்' எனப் பொருள்படும் 'கோர்' என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது. நாமும் நெஞ்சுரம் என்றுதானே சொல்கிறோம்! 'எங்கரேஜ்' என்றால் பிறர் நெஞ்சில் உரத்தைச் சேர்ப்பது. 'டிஸ்கரேஜ்' என்றால் அதைப் பறிப்பது. ஆசிரியரும் பெற்றோரும் ஒரு சொல்லால் இந்த இரண்டில் எதையும் செய்துவிட முடியும்.

'பிரேவ்' என்ற சொல் சற்று முரட்டுப் பிறவி. இத்தாலிய மொழியில் 'பிராவோ' என்பது முன்பு அடங்காத, காட்டுத்தனமான என்ற பொருளையும் கொண்டிருந்தது. பின்னர் அது வீரத்தைக் குறித்தது. இன்று இசை அரங்குகளில் பாடகரைப் பாராட்டி எழுப்பும் ஒலியும் அதுவே.

'டேர்' என்ற சொல்லோ இங்கிலாந்தின் மிகப் பழைய சொத்து. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளம்போல் வந்தன. 'டேர்' அதற்கு முன்பே அங்கிருந்தது. இதற்கு வடமொழியிலும் ஓர் உறவு உண்டு. துணிவுள்ளவன் என்று பொருள்படும் 'திருஷ்ட' என்ற சொல்லே அது. பாரதக் கதையில் திரௌபதியின் அண்ணன், பாண்டவர் படைக்குத் தலைமை தாங்கிய திருஷ்டத்யும்னனின் பெயரில் அச்சொல் இருக்கிறது. ஆங்கிலேயரின் 'டேர்' என்னும் சொல்லும் பாஞ்சால இளவரசனின் பெயரும் தூரத்து உறவினர் என்பது வியப்பல்லவா? அதே பாரதக் கதையில்தான் தருமர் பகடையை நம்பி நாட்டையும் தம்பியரையும் இழந்தார். துணிவு வேறு, சூது வேறு என்பதை ஒரே கதையில் காண்கிறோம்.

தமிழ் சொல்வது

நம் தாய்மொழியையும் சற்றுப் பார்ப்போம். மின்மாற்றியின் வேலியில் மண்டையோட்டுப் படத்தின் அருகே 'அபாயம்' என்று எழுதியிருக்கும். அதிலுள்ள ஒரு துணைக்காலை எடுத்துவிட்டால் 'அபயம்' ஆகிவிடும்! வடமொழியில் இரண்டும் வேறு வேறு வேரில் பிறந்தவை. ஒன்று அழிவு, மற்றொன்று அச்சமின்மை, அடைக்கலம்.

'துணிவு' என்ற சொல்லோ தூய தமிழ். 'துணிதல்' என்றால் வெட்டுப்படுதல் என்று பொருள். தெளிந்து முடிவுசெய்தல் என்றும் பொருள். வெட்டி எடுக்கப்பட்டதனாலேயே நாம் உடுக்கும் துணிக்கும் அப்பெயர். முடிவுசெய்தலைக் குறிக்கும் 'டிஸைட்' என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலத்துக்கும் 'வெட்டிவிடுதல்' என்பதே பொருள். உறவே இல்லாத இரண்டு மொழிகள், முடிவெடுப்பதும் வெட்டுவதும் ஒன்றே என்று கண்டிருக்கின்றன.

தையல் வகுப்பில் இதை நாம் கையால் உணர்ந்திருக்கிறோம். கத்தரிக்கோலை வைக்குமுன் அளவெடுக்கிறோம். சுண்ணக்கட்டியால் கோடு போடுகிறோம். மறுபடியும் அளந்து சரிபார்க்கிறோம். வெட்டிய துணி மீண்டும் ஒட்டாது. அதற்காக வெட்டவே பயந்தால் பாவாடையும் இல்லை, சட்டையும் இல்லை. திருவள்ளுவர் 'தெரிந்து செயல்வகை' என்று ஓர் அதிகாரமே வகுத்ததும் இந்த நிதானத்தை நமக்குக் கற்பிக்கத்தான்.

நாம் கற்றது என்ன?

யாரேனும் நம்மை ஒன்றுக்குத் துணியச் சொல்லும்போது, அது எந்தக் குடும்பத்துச் சொல் என்று கேட்டுக்கொள்வோம். மூடிய ரயில்வே கேட்டின் கீழே குனிந்து ஓடுவது, ஓடும் பேருந்தில் தாவி ஏறுவது, நீச்சல் தெரியாமல் கிணற்றில் குதிப்பது ஆகியவை 'ஹாஸர்ட்' குடும்பம். இவற்றில் நம் உழைப்புக்கோ அறிவுக்கோ வேலை இல்லை. எல்லாம் பகடையின் கையில். பிழைத்துக்கொண்டாலும் கற்றது ஒன்றும் இருக்காது. "தைரியம் இருந்தால் செய்" என்று தோழி சொன்னாலும், "மாட்டேன்" என்று சொல்வதற்கே அங்கு நெஞ்சுரம் வேண்டும்.

தெரிந்தவரிடம் முறையாக நீச்சல் பழகுவது, வகுப்பில் எழுந்து "புரியவில்லை" என்று சொல்வது, எல்லோரும் ஒதுக்கும் ஒருத்தியின் அருகே சென்று அமர்வது, வீட்டில் "எனக்கு இந்தப் படிப்பில் விருப்பம்" என்று வாய்திறந்து சொல்வது ஆகியவை 'எக்ஸ்பெரிமென்ட்' குடும்பம். இவற்றில் தோல்வி வரலாம். வந்தாலும் வெறுங்கையோடு திரும்ப மாட்டோம். அனுபவம் என்ற முதல் கையில் இருக்கும்.

பெற்றோரிடம் ஒரு சிறு விண்ணப்பம். மகளின் மேற்படிப்பைப் பற்றிப் பேசும்போது 'ரிஸ்க்' என்ற ஒரு சொல்லோடு பேச்சை முடித்துவிட வேண்டாம். அச்சொல் கப்பலைக் கட்டிப் போட்டவர்களின் சொல் அல்ல. பாறை எங்கே, காற்று எப்படி என்று விசாரித்து, நட்டத்தைப் பகிர்ந்துகொண்டு, கப்பலை அனுப்பியவர்களின் சொல். கல்லூரி எவ்வளவு தூரம், விடுதி எத்தகையது, செலவு எவ்வளவு, மதிப்பெண் போதுமா என்று பாஸ்கலைப்போல் உட்கார்ந்து, தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துக் கணக்குப் போடுவோம். அந்தக் கணக்கில் மகளையும் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். விடை "வேண்டாம்" என்று வந்தாலும், அது நாமும் சேர்ந்து போட்ட கணக்காக இருந்தால் நமக்கு வருத்தம் குறையும். வேறு வழி தேடும் தெம்பும் வரும்.

தோழியரே, பகடை உருட்டுவதும் துணிவன்று. பயந்து ஒதுங்குவதும் பாதுகாப்பன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. கத்தரிக்கோலைக் கையில் எடுக்குமுன் நன்றாக அளவெடுப்போம். அளவெடுத்த பின் துணிவோம்.